பெயரில்லாச் சட்டகத்தின் ஊரும் வயதும்



றலி, ஹம்பர், றட்ஜ் என்னும் துவிச்சக்கர வண்டிகளை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். சிலர் ஓட்டியும் இருப்பீர்கள். மிதியோடு சேர்ந்து சுழலும் பெரிய பற்சக்கரத்தில் நாரையின் தலை வெட்டப்பட்டிருந்தால் அது றலி. விரித்த கையொன்று தெரிந்தால் றட்ஜ். முன்சில்லைத் தாங்கும் கவை இருபுறமும் இரட்டைக் கால்களாக இறங்கினால் ஹம்பர். மூன்றில் எது உறுதியானது, எது இலேசாக ஓடும் என்று திண்ணைகளில் வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் ஹம்பர் துவிச்சக்கர வண்டியின் பெயரை றலிக் கம்பனி 1932ஆம் ஆண்டிலும், றட்ஜின் பெயரை 1943ஆம் ஆண்டிலும் தனதாக்கிக்கொண்டது. அதன் பின்னர் இம்மூன்று பெயர்களுக்கும் உரியதாயிருந்தது நொட்டிங்ஹாம் நகரத்தின் ஒரே கம்பனிதான். வண்டியின் நெற்றியிற் பதித்த பெயர் ஒன்று, அதைச் செய்த கை வேறொன்று என்னும் உண்மையை இந்தச் சிறு சரித்திரம் காட்டுகிறது.

தொழிற்சாலை வண்டிகளின் செய்தி இவ்வளவே. அவை ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாக வந்தவை. அவற்றை இனங்காண்பது பெருந்துன்பமன்று. இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டது அதனினும் கடினமான ஒன்று. சில்லு, சங்கிலி, ஆசனம், கைப்பிடி யாவற்றையும் கழற்றிவிட்டால் எஞ்சி நிற்பது குழாய்களாலான சட்டகம். சைக்கிள் கடைகளில் இதனைப் பிறேம் என்பர். இங்கிலாந்தில் 1920கள் தொட்டு 1970கள் வரை, தெருவோரத்துச் சிறு பட்டறைகளில் இரண்டொரு தொழிலாளர் இருந்து, ஓட்டப்பந்தயக்காரருக்கும் நெடுந்தூரம் ஓடுவோருக்கும் அளவெடுத்துக் கையாற் கட்டிக் கொடுத்த சட்டகங்கள் மிகப் பல. அவற்றுள் ஒன்று பூச்சு உரிந்து, பெயர் அழிந்து, ஒரு கொட்டிலின் மூலையிற் கிடந்து நம் கைக்கு வருகிறது. அதைக் கட்டியவர் யார்? கட்டிய ஆண்டு எது? இவற்றை எப்படி அறிவது?

முதலில் அது எவ்வாறு உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். கட்டுபவர் குழாய்களைத் தாமே செய்வதில்லை. பேர்மிங்ஹாமில் உள்ள றெனோல்ட்ஸ் கம்பனியிடமோ, இத்தாலியின் மிலான் நகரத்துக் கொலம்பஸ் கம்பனியிடமோ, அவை போன்ற பிறரிடமோ வாங்குகிறார். குழாய்கள் சந்திக்கும் இடங்களிற் கைவிரலுக்கு உறை போட்டாற்போல அணிவிக்கும் உருக்கு உறைகளை லக் என்பர். நாம் மூட்டுறை என்போம். அவற்றையும் விலைக்கே வாங்குகிறார். பின்சில்லின் அச்சைப் பற்றிக்கொள்ளும் தகடுகளும் வெளியிலிருந்தே வருகின்றன. அவர் செய்வது, குழாயின் நுனியை மற்றக் குழாயின் வளைவுக்குப் பொருந்தும்படி வெட்டி அராவுதல், மூட்டுறையில் ஏற்றுதல், செந்தணலாகச் சூடேற்றிப் பித்தளையை உருக்கி இடுக்கினுள் ஓடவிடுதல், ஆறியபின் மூட்டுறையின் விளிம்பை அரத்தால் மெலிவாகச் சீவி அழகுபடுத்துதல். ஐம்பது பட்டறைகளும் அதே குழாயையும் அதே மூட்டுறையையும் வாங்கின என்றால், அவற்றை வேறுபடுத்துவது இந்த அரவேலை ஒன்றுதான். நமது ஆராய்ச்சியின் இடர்ப்பாடும் சுவையும் இங்கேதான் இருக்கின்றன.

இதில் இவ்வளவு சிரமப்படுவானேன் என்று கேட்கலாம். காரணம் உண்டு. புகழ்பெற்ற சில பட்டறைகளின் சட்டகங்களுக்கு இன்று நல்ல விலை கிடைக்கிறது. பெயரறியாப் பட்டறையின் சட்டகம், வேலைப்பாட்டில் அதற்கு ஈடாயினும், அதிற் சிறு பங்கும் பெறுவதில்லை. பழைய கம்பனிகளின் பெயர் ஒட்டுப்படங்களோ புதிதாக அச்சிடப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. பெயரில்லாத சட்டகத்துக்குப் புதுப்பூச்சுப் பூசிப் பெரிய பெயர் ஒன்றை ஒட்டிவிடுவது அரைநாள் வேலை. வாங்குபவர் பணத்தை இழக்கிறார். அதனினும் பெரிய இழப்பு, அதை உண்மையிற் கட்டிய மனிதரின் உழைப்பு வேறொருவர் கணக்கில் எழுதப்பட்டுவிடுவது. இத்தொழிலாளர்கள் தாம் கட்டியவற்றிற் கையொப்பம் இடவில்லை. பலர் கடைக்காரரின் பெயருக்குக் கூலிக்குக் கட்டிக் கொடுத்தவர்கள். அவர்கள் விட்டுச்சென்ற சாட்சி அந்த உருக்கு ஒன்றுதான்.

ஆகவே பெயரைக் கடைசியில் நம்புவோம். பூச்சும் பெயரும் எத்துணை எளிதிற் பொய் சொல்லும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று கூறுகிறேன். 1972ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி, மெக்சிக்கோ நகரத்தின் ஓடுதளத்தில் பெல்ஜிய வீரர் எடி மேர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடி உலக சாதனை நிலைநாட்டினார். அவர் ஏறியிருந்த வண்டியின் மேல் விண்ட்சர் என்னும் மெக்சிக்கோ நாட்டு உற்பத்திப் பெயர் எழுதப்பட்டிருந்தது. அதைக் கட்டியவரோ இத்தாலிய நாட்டுக் கைவினைஞர் எர்னெஸ்ரோ கொல்நாகோ. பணம் கொடுத்தவரின் பெயர் குழாயில் ஏறியது. கட்டியவரின் பெயர் ஏறவில்லை. பந்தய உலகில் இது அன்றாட வழக்கம்.

இங்கிலாந்திலும் பெயர்கள் கைமாறின. குளோட் பட்லர் என்பவர் 1928ஆம் ஆண்டில் இலண்டனில் தொழில் தொடங்கி, 1930களிலும் 1940களிலும் பெரும் புகழ் ஈட்டினார். 1950களின் பிற்பகுதியில் அவருடைய தொழில் நொடித்துப் போயிற்று. பெயரை ஹோல்ட்ஸ்வேர்த் நிறுவனம் வாங்கிற்று. அதன் பிறகும் குளோட் பட்லர் என்ற பெயரில் வண்டிகள் வந்துகொண்டேயிருந்தன. அவற்றுக்கும் பழைய பட்டறைக்கும் பெயரொன்றைத் தவிர உறவு மிகச் சிறிது. ஆதலால் பட்லர் சட்டகம் என்று ஒருவர் சொன்னால், எந்தப் பட்லர் என்று திருப்பிக் கேட்பது நமது கடமை.

இனி உருக்கை விசாரிப்போம். விசாரணைக்கு வேண்டிய கருவி பாடசாலை விஞ்ஞானகூடத்தில் நாம் கையாண்ட வேணியர் இடுக்கிமானி ஒன்றே.

முதற்கேள்வி, எந்த நாடு என்பது. மிதிகளின் அச்சு ஊடுருவிச் செல்லும் குறுக்குக் கூடு சட்டகத்தின் அடியில் இருக்கிறது. அதன் உள்ளே திருகுபுரி வெட்டப்பட்டிருக்கும். இங்கிலாந்து முறையில் கூட்டின் அகலம் 68 மில்லிமீற்றர். புரியின் அளவு 1.37 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 24 புரிகள், வலப்பக்கத்துப் புரி மட்டும் எதிர்த்திசையிற் சுழலும். இத்தாலிய முறையில் அகலம் 70 மில்லிமீற்றர், புரியின் அளவு 36 மில்லிமீற்றர். இருபுறமும் வழக்கமான வலஞ்சுழிப் புரிகளே. பிரான்சிய முறையில் அகலம் 68, அளவு 35 மில்லிமீற்றர். நொட்டிங்ஹாமின் றலிக் கம்பனி ஓர் அங்குலத்துக்கு 26 புரிகள் என்னும் தனி வழக்கம் வைத்திருந்தது. தன் உதிரிப்பாகத்தைத் தன்னிடமே வாங்கவேண்டும் என்னும் வியாபாரப் புத்தியும் அதனுள் இருந்திருக்கலாம்.

இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இங்கிலாந்துக் கூட்டின் புரி தேய்ந்து கெட்டுவிட்டால், அதைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து இத்தாலியப் புரி வெட்டிக் காப்பாற்றுவது பட்டறைகளின் வழக்கம். ஆகவே 36 மில்லிமீற்றர்ப் புரியைக் கண்டவுடன் இத்தாலி என்று கூவிவிடக் கூடாது. அகலத்தை அளக்கவேண்டும். புரி இத்தாலியம், அகலம் 68 என்றால் அது பெரும்பாலும் வைத்தியம் பார்க்கப்பட்ட இங்கிலாந்துச் சட்டகமே. ஒரு சாட்சியை மற்றொரு சாட்சியால் மடக்கும் வழக்கறிஞரின் வேலை இது.

அடுத்தது குழாயின் தரம். றெனோல்ட்ஸ் குடும்பத்தவர் முதலில் ஆணி செய்தவர்கள். நுனிகளில் தடிப்பாகவும் நடுவில் மெலிவாகவும் உள்ள குழாயைச் செய்யும் முறைக்கு அவர்கள் 1897ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றனர். பித்தளை ஓடவிடும் சூட்டைத் தாங்கவேண்டிய இடம் நுனி. அங்கே தடிப்பு வேண்டும். நடுவில் வீண்பாரம் வேண்டியதில்லை. குழாயின் வெளியளவு முழுவதும் ஒன்றே; மாற்றம் உள்ளே மறைந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்து எவரும் கண்டுகொள்ள முடியாது. ஆயினும் ஆசனத்தைத் தாங்கும் தூண் குழாயினுள்ளே இறங்குகிறதல்லவா? அதன் பருமன் நமக்கு உள்செய்தியைச் சொல்லிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்து முறையில் ஆசனக் குழாயின் வெளிவிட்டம் ஒன்றேகால் அரைக்கால் அன்று, ஒன்றும் அரைக்காலும் அங்குலம், அதாவது 28.6 மில்லிமீற்றர். அதற்குள் 27.2 மில்லிமீற்றர்த் தூண் இறுக்கமாக இறங்கினால் மிச்சம் 1.4. இருபுறச் சுவருக்கும் பங்கிட்டு, தூண் நுழையும் இடைவெளியையும் தள்ளினால், குழாயின் சுவர் 0.6 மில்லிமீற்றர் அளவே. அது மேல்தர மெல்லிய குழாய். 26.8 மில்லிமீற்றர்த் தூண்தான் இறங்குமென்றால் சுவர் 0.9 அளவில் இருக்கும். சீரான தடிப்புள்ள, சற்றுப் பாரமான குழாய். ஆனால் பிரான்சுச் சட்டகத்தின் குழாய் 28 மில்லிமீற்றர் வெளிவிட்டம் உடையது. அதில் 26.4 மில்லிமீற்றர்த் தூண் இறங்குவதைக் கண்டு மட்டமான குழாய் என்று தள்ளிவிட்டால் நல்லதொரு சட்டகத்துக்கு அநீதி செய்தவராவோம். அரை மில்லிமீற்றரில் ஒரு நாடு மறைந்திருக்கிறது.

முன்கவையைக் கழற்றினால் இன்னொரு சாட்சி கிடைக்கும். கவையின் மேற்றண்டு தலைக்குழாயினுள் நின்று திரும்புவது. அந்தத் தண்டின் உட்புறத்தில், கீழ்ப்பகுதியில், சுருள்போல ஐந்து வரம்புகள் ஓடுமாயின் அது கொலம்பஸ் கம்பனியின் பந்தயக் குழாய். இதனை எந்தப் பூச்சுக்காரரும் மாற்ற முடியாது. வேண்டியது ஒரு மின்சூள் விளக்கும் பொறுமையும்.

நாடும் குழாயும் தெரிந்தபின் வயதுக்கு வருவோம். வயதைக் கணிப்பதில் ஒரு விதியை மறவாதிருத்தல் வேண்டும். சட்டகத்தோடு பிறந்த உறுப்புகளில் எது மிகப் பிந்திய காலத்ததோ, அதற்கு முந்தியதாகச் சட்டகம் இருக்க இயலாது. றெனோல்ட்ஸ் 531 என்னும் மாங்கனீசு மொலிப்டினம் உருக்குக் குழாய் 1935ஆம் ஆண்டில் வந்தது. ஆகையால் அந்தக் குழாயாற் கட்டிய சட்டகத்தை 1930ஆம் ஆண்டினது என்று எவர் சத்தியஞ் செய்தாலும் நம்பவேண்டியதில்லை. இந்த 531 உருக்கின் புகழ் துவிச்சக்கர வண்டியோடு நிற்கவில்லை. ஜகுவார் ஈ வகை மோட்டார்க்காரின் முன்சட்டகத்துக்கும் அதுவே பயன்பட்டது.

பின்சில்லைப் பற்றும் இரு தகடுகளுக்கும் இடையே உள்ள வெளி நல்லதொரு நாட்காட்டி. சங்கிலி மாற்றும் பற்சக்கரங்கள் பெருகப் பெருக அந்த வெளி அகன்றுகொண்டே வந்தது. ஒற்றைச் சக்கரமும் மூன்று வேகமும் இருந்த காலத்தில் ஏறக்குறைய 110 முதல் 114 மில்லிமீற்றர். ஐந்து சக்கரங்கள் வந்தபோது 120. 1970களின் இறுதியில் ஆறும் ஏழும் வந்தபோது 126. 1990ஐ அண்டி எட்டு வந்தபோது 130. ஆயினும் உருக்கு வளைந்து கொடுக்கும் பொருள். பழைய சட்டகத்தைப் புதுச்சில்லுக்காக அகட்டியிருப்பார்கள். தகடுகள் ஒன்றுக்கொன்று நேர்நிலையில் இல்லாமற் கோணி நின்றால் அகட்டிய கை அவசரக்கை என்று அறியலாம்.

தகடுகளின் முகத்தையும் பார்க்கவேண்டும். இத்தாலியின் கம்பாஞோலோ நிறுவனத்தின் பெயர் பொறித்த தடித்த தகடுகள், சங்கிலி மாற்றியைத் திருகிப் பூட்டும் காதோடு, 1950களிற் பரவின. அதற்கு முன் இங்கிலாந்துச் சட்டகங்களிற் கண்டது பெரும்பாலும் மெல்லிய தட்டைத் தகடு. தண்ணீர்ப் போத்தல் பூட்டும் புரித்துளைகள் சட்டகத்தோடு பிறந்திருந்தால் இங்கிலாந்தில் அது பெரும்பாலும் 1970களுக்கோ பிந்திய காலத்துக்கோ உரியது; அதற்கு முன் பட்டி கட்டித்தான் மாட்டினார்கள். மெல்லிய குழாயிற் சூடேற்றித் துண்டுகளை ஒட்டினால் குழாய் நலியும் என்ற அச்சம் பட்டறைகளில் இருந்தது. பாரிசில் நெடுந்தூர வண்டி கட்டியவர்கள் இந்த அச்சத்தைப் பொருட்படுத்தவில்லை; வேண்டியதையெல்லாம் முன்னரே ஒட்டிக் கொடுத்தார்கள். ஆகவே இந்த அளவுகோல் பிரான்சுக்குப் பொருந்தாது. மேலும் 1955இற் கட்டிய சட்டகம் 1980இற் பூச்சுக்குப் போனபோது போத்தல் துளைகளைப் பெற்றுத் திரும்பியிருக்கலாம். துளையைச் சுற்றிய பித்தளையின் நிறமும் வேலைப்பாடும் மற்ற மூட்டுகளோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தால் உண்மை புலப்படும்.

இத்தனை செய்தபின்பே கட்டியவர் யார் என்று கேட்கலாம். இங்குதான் மூட்டுறைகள் பேசத் தொடங்குகின்றன, ஏமாற்றவும் தொடங்குகின்றன. பிரான்சின் நேர்வெக்ஸ் நிறுவனம் செய்த, கொடிபோல் வளைந்து நெளிந்த விளிம்புடைய புரொபெஷனல் என்னும் மூட்டுறையை 1950களிலும் 1960களிலும் இங்கிலாந்தின் பட்டறைகள் மிகப் பல வாங்கிப் பயன்படுத்தின. அழகான மூட்டுறை என்பதனால் அழகான பெயர் ஒன்றைச் சூட்டிவிட ஆசை எழும். அந்த ஆசையை அடக்கவேண்டும். கடையில் வாங்கிய தாலிக்கொடியைக் கண்டு மணமகளின் ஊரைச் சொல்ல இயலுமா?

சில பட்டறைகள் மட்டும் நமக்கு அருள் புரிந்திருக்கின்றன. இலண்டனின் டொற்றன்ஹாம் பகுதியில் ஹைமன் ஹெச்சின் என்பவர் கடை வைத்திருந்தார். ஜாக் டென்னி என்னும் கைவினைஞர் அங்கே சட்டகம் கட்டினார். 1930களின் நடுப்பகுதியிலிருந்து அவர்களுடைய சட்டகங்களிற் பின்சில்லைத் தாங்கும் குழாய்கள் நேராக இராமல் அலைபோல் வளைந்திருந்தன. மூட்டுறைகளோ தேர்ச்சிற்பம் போலச் செதுக்கப்பட்டிருந்தன. பேற்ஸ் சகோதரர்கள் முன்கவையை இருமுறை வளைத்து டயட்ரன்ட் என்றும், நடுவிற் பருத்த குழாயைக் கன்டிபிளெக்ஸ் என்றும் பெயரிட்டனர். பிரட்போர்ட் நகரத்துப் பெயின்ஸ் சட்டகத்தின் ஆசனக் குழாய் ஏறத்தாழச் செங்குத்தாக நிற்க, பின்சில்லு அதனோடு ஒட்டி வரும். பார்த்தவர்கள் அதனைப் பறக்கும் படலை என்று அழைத்தனர்.

இந்த விசித்திரங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம் சுவையானது. ஊதியம் பெறாத பந்தயக்காரர் வியாபார விளம்பரத்துக்கு உதவக் கூடாது என்று அந்நாளைய விதிகள் தடுத்தன. வண்டியிலுள்ள பெயர் தெரியும்படி பந்தயக்காரரின் நிழற்படம் வெளிவர முடியாதிருந்தது. பெயரை மறைக்கலாம், வளைந்த குழாயை மறைக்க முடியுமா? பெயர் எழுதாமலே பெயர் சொல்லும் வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். பொறியியற் பயன்களும் அவற்றுக்கு விளம்பரங்களிற் கூறப்பட்டன. அவற்றை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. விளம்பரத் தடை நமது ஆராய்ச்சிக்குச் செய்த உதவி பெரிது என்று மட்டும் சொல்வேன். ஆனால் இங்கேயும் அவதானம் வேண்டும். பறக்கும் படலை வடிவம் 1970களின் இறுதியிலிருந்து வேறொரு பட்டறையில் மறுபடியும் செய்யப்பட்டது. வடிவம் ஒன்று, பட்டறை இரண்டு, காலத்தில் நாற்பதாண்டு இடைவெளி. மேலே சொன்ன தகட்டு வெளியும் புரித்துளைகளும் இல்லாவிட்டால் எதுவும் எதுவாகவும் தோன்றும்.

விசித்திரம் இல்லாத சட்டகத்துக்கு மூன்று இடங்களிற் கண்ணை வைக்கவேண்டும். ஆசனத்தின் கீழே இரு பின்குழாய்கள் வந்து சேரும் நுனியைக் கட்டியவர் எவ்வாறு மூடினார் என்பது முதலாவது. சிலர் தட்டையாகச் சீவினர். சிலர் கிண்ணம்போற் குழித்தனர். சிலர் இரு நுனிகளையும் நீட்டி ஆசன மூட்டுறையைச் சுற்றி வளைத்தனர். இரண்டாவது, மூட்டுறையின் கூரிய முனைகள். பொறுமைசாலி அவற்றைக் காகிதம்போல் மெலிவாக்கியிருப்பார். கூலிக்கு நாளொன்றுக்கு இத்தனை என்று கட்டியவருக்கு அதற்கு நேரமில்லை. மூன்றாவது, மிதியச்சுக் கூட்டின் உட்புறம். அங்கே குழாயின் நுனி வளைவோடு பொருந்தி நிற்கிறதா, பித்தளை முழுவதும் ஓடி உள்ளே மெல்லிய பொன் வரம்பாகத் தெரிகிறதா என்று பார்க்கலாம். எவரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் ஒருவர் எப்படி வேலை செய்தார் என்பது அங்கே தெரியும். மூட்டுறையே இல்லாமல், மூட்டில் பித்தளையை வழவழப்பான வளைவாக நிரப்பிக் கட்டியவர்களும் உண்டு. ஸ்ரொக்ரன் நகரத்து ஜாக் டெய்லரும் சகோதரர்களும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வழியிற் பேர்பெற்றனர்.

தொடரிலக்கம் கடைசிச் சாட்சி. சில வேளைகளில் முடிவான சாட்சி. அது மிதியச்சுக் கூட்டின் அடியிலோ, பின்தகட்டின் முகத்திலோ, முன்கவையின் மேற்றண்டிலோ குத்தப்பட்டிருக்கும். கவையின் இலக்கமும் சட்டகத்தின் இலக்கமும் ஒன்றாயிருந்தால் இரண்டும் சேர்ந்தே பிறந்தவை என்று மகிழலாம். சில பட்டறைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போயின. சில ஆண்டையும் இலக்கத்தினுள் வைத்தன. றலிக் கம்பனி இல்கெஸ்ரன் நகரத்தில் 1970களில் நடத்திய சிறப்புப் பட்டறையின் சட்டகங்களில் இலக்கத்துக்கு முன் எஸ். பி. என்னும் எழுத்துகள் நிற்கும். பூச்சு இலக்கத்தை மூடியிருந்தால் கத்தியாற் சுரண்ட வேண்டாம். மெல்லிய தாளை வைத்து மென்பென்சிலாற் தேய்த்தால் வடு தாளில் எழும். தலைகீழாகப் பார்த்து ஆறை ஒன்பது என்று படித்துவிடாமலும் இருக்கவேண்டும். எழுத்து அச்சின் வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டறை ஒரே குத்தூசித் தொகுதியைப் பல ஆண்டுகள் வைத்திருக்கும். ஒடிந்த மூன்று ஒன்று இருந்தால் அது எல்லாச் சட்டகங்களிலும் ஒடிந்தே விழும்.

உறுப்புகளை நம்பலாமா என்று கேட்பீர்கள். ஸ்ரேமி ஆர்ச்சர் கம்பனியின் மூன்று வேகச் சில்லுக்குடத்தில் உற்பத்தி ஆண்டின் இலக்கம் குத்தப்பட்டிருக்கும். உங்கள் வீட்டுப் பழைய வண்டியில் அதனை இன்றே தேடிப் பார்க்கலாம். ஆனால் அது சொல்வது சில்லுக்குடத்தின் வயது. சில்லு கைமாறும், சட்டகத்தின் வயதுக்கு அது அயலாரின் சாட்சி மட்டுமே.

சேகரித்த குறிப்புகளை ஒப்பிட இடம் வேண்டும். இங்கிலாந்தில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய பழந்துவிச்சக்கர வண்டிச் சங்கத்தில், ஒவ்வொரு பெயருக்கும் அதனை நெடுங்காலம் ஆராய்ந்த உறுப்பினர் இருக்கின்றனர். இலக்கங்களும் விலைப்பட்டியல்களும் அவர்களிடம் சேர்ந்துள்ளன. வோரிக் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்திற் சைக்கிள் தொழிலின் பத்திரங்கள் பேணப்படுகின்றன. 1891இல் தொடங்கிய சைக்கிளிங் சஞ்சிகையிலும், 1936 முதல் 1955 வரை வெளிவந்த பைசிக்கிள் சஞ்சிகையிலும் சிறு பட்டறைகளின் விளம்பரங்கள் நிறைந்திருக்கின்றன. தெருவின் பெயரும் கதவிலக்கமும் மாறும் ஆண்டைப் பிடித்தாலே, அந்த முகவரி எழுதிய ஒட்டுப்படத்துக்கு எல்லை கட்டிவிடலாம்.

ஓர் உதாரணத்தோடு இதனைப் பொருத்திப் பார்ப்போம். மேசைமேல் ஒரு சட்டகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீலப் பூச்சு, பெயரில்லை. கூட்டின் அகலம் 68, இங்கிலாந்துப் புரி. குழாய் 28.6, தூண் 27.2. நேர்வெக்ஸ் மூட்டுறை, கம்பாஞோலோத் தகடு, அதில் மட்காட் பூட்டும் துளை. பின்வெளி 120. போத்தல் துளை இல்லை. கூட்டின் அடியில் நான்கு இலக்கங்கள். விற்பவர் இதனை இலண்டனின் பெரிய பெயரொன்றின் 1948ஆம் ஆண்டுச் சட்டகம் என்கிறார். மூட்டுறையும் தகடும் 1950களுக்கு உரியவை. ஆகவே 1948 அன்று. வெளி 120 ஆதலாலும், போத்தல் துளை இன்மையாலும், 1970களின் நடுவுக்குப் பிற்பட்டதும் அன்று. மட்காட் துளை இருப்பதால், ஞாயிறு பந்தயத்துக்கும் திங்கள் வேலைக்கும் ஒரே வண்டியை ஓட்டிய ஒருவருக்காகக் கட்டியிருக்கலாம். நான்கிலக்க எண்ணைக் கொண்டு மட்டும் பட்டறையைக் கூறல் இயலாது. பல பட்டறைகளுக்கு அது பொருந்தும்.

நாம் எழுதும் சீட்டு இவ்வாறு அமையும்: இங்கிலாந்து, 1950களின் நடுப்பகுதி முதல் 1970களின் தொடக்கம் வரை, மேல்தர மெல்லிய குழாய், கட்டியவர் இன்னும் அறியப்படவில்லை. இந்தச் சீட்டோடு இலக்கத்தின் தேய்ப்புத் தாளையும், ஆசன மூட்டின் நிழற்படத்தையும், கூட்டின் உட்புறப் படத்தையும் இணைத்து வைக்கவேண்டும். நாளை இதே ஒடிந்த மூன்றையுடைய இன்னொரு சட்டகம், முதல் சொந்தக்காரரின் பற்றுச்சீட்டோடு எங்கேனும் வெளிப்படலாம்.

அதுவரை நீலப் பூச்சை உரிக்காதிருப்பது நன்று. சங்கிலி மாற்றியின் பட்டி இறுக்கியிருந்த இடத்திலும், தலைக்குழாயின் கிண்ணங்களுக்கு அடியிலும், பழைய பூச்சின் விளிம்பு தப்பிப் பிழைத்திருப்பதுண்டு. அதன் கீழே பொன்னிறக் கோடொன்றோ, ஒட்டுப்படத்தின் ஓரெழுத்தோ கிடந்தால், மணற்பீச்சு இயந்திரத்துக்கு அனுப்பிய மறுகணமே அது போய்விடும். உரிக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் வெந்நீரிற் தோய்த்த துணியால் துடைத்து, சாய்ந்த வெயிலில் வைத்து, குழாயை மெல்லத் திருப்பிப் பாருங்கள். அழிந்த பெயரின் மேடு சில வேளை நிழலாகத் தெரியும்.